ஒன்பதாம் நெடுஞ்சாலை, இடப்பக்கம்

ஏழாம் எண் சாளரத்தில் இருப்பவள் நான்.
கெபெகாவில் கடல் தெரியாத கட்டடம் எங்களுடையது.
பிப்ரவரியில் வரிசை
கார் நிறுத்துமிடம் வரை வெயிலில் நீளும்.

அவள் நீட்டிய படிவத்தில்
நிரந்தர முகவரிக் கட்டம் காலி.
நிரப்பி வா என்றேன், நிமிராமல்.
வரிசையின் வாலுக்குப் போனாள்.
திரும்பி வந்தபோது மணி இரண்டு.
கட்டத்துக்குள் எழுதியிருந்தாள்:
நூப்போர்ட் தாண்டி, ஒன்பதாம் நெடுஞ்சாலை, இடப்பக்கம்.
செம்மறிக்குக் கத்தரிப்பு முடிந்துவிட்டால் வலப்பக்கம்.

பெயர் மீட்டா கெடுல்ட்.
ஆஃப்ரிகான்ஸில் அதற்குப் பொறுமை என்று பொருள்.
சனிக்கிழமைப் பள்ளியில் நான் படித்த அரைகுறைத் தமிழிலோ
அந்தப் பெயரின் தலையிலேயே கெடு இருந்தது:
பிப்ரவரி இருபத்தெட்டு, மாலை நான்கு மணி.

தகப்பன் தொழில்: ஆட்டுக்கு முடி வெட்டுதல்.
மாத வருமானம்: ஆட்டைப் பொறுத்து.
வீட்டின் வகை, செங்கல், தகரம், இதர.
இதரவில் குறியிட்டு, பக்கத்தில்
வண்டி, கழுதை இரண்டு.
கணினி அந்த இரண்டை மட்டும் ஏற்றுக்கொண்டது
அறைகளின் எண்ணிக்கையாக.

வசிப்பிடச் சான்று வேண்டுமே, பண்ணைக்காரரிடம் வாங்கி வா.
எந்தப் பண்ணைக்காரர்?
வேலிக்கு அந்தப் பக்கம் அவருடையது,
தார் அரசாங்கத்துடையது,
நாங்கள் நடுவில் இருக்கிற புல்லில்.

மணி மூன்று ஐம்பது.
மலபாரில் உள்ள என் வீட்டு எண்ணைத் தட்டினேன்.
பெயர்தான் மலபார்.
சவுத் எண்டிலிருந்து எங்களைப் பிடுங்கி நட
நகரத்துக்கு வெளியே வெட்டிய மனைகள்.
இடித்துத் தள்ளிய வீட்டின் எண்ணையே
பத்து வருஷம் எழுதிக்கொண்டிருந்தார் அப்பா.

திரை பச்சை காட்டியது.
நன்றியை எதிர்பார்த்தேன், ஒளிப்பானேன்.
எட்டிப் பார்த்து அவள் கேட்டாள்:
நான் எப்போதிலிருந்து உங்கள் வீட்டில் இருக்கிறேன்?

கடிதங்கள் வரத் தொடங்கின.
யார் இந்த கெடுல்ட், நம் வீட்டில் கட்டணப் பாக்கியோடு?
என்றார் சாக்ரன், சாப்பாட்டுத் தட்டிலிருந்து.

ஆகஸ்டில், வரிசை இல்லாத ஒரு மதியம்,
வகுப்பில் நடந்ததைச் சொன்னாள்.
திரையில் ஒரு படம். கரூவின் நாடோடிகள்.
வண்டியில் தொப்பி வைத்த ஆள், பெயர் தெரியவில்லை என்று
கீழே குறிப்பு.
அவள் முதலில் கண்டுகொண்டது கழுதையை.
அது ஃபால்யான், என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்,
ஓட்டுவது என் மாமா.
முப்பது தலைகள் திரும்பின.
பேராசிரியர் பூரித்துப்போய்
தேதி போட்டு எழுதிக்கொண்டார்.
அன்றிலிருந்து
அவள் வாய் திறந்தால் பேனாக்கள் திறந்தன.

மாமாவின் பெயரைக் கேட்டாரா?
கழுதைப் பெயருக்கு எழுத்துக்கூட்டச் சொன்னார்.

வீட்டுக்குச் செய்தி அனுப்புவதும் அப்படித்தான்.
நூப்போர்ட் பெட்ரோல் நிலையத்துப் பையனிடம் சொல்ல வேண்டும்,
வண்டி கடக்கும்போது அவன் கத்துவான்.
அவள் வாங்கிய அறுபத்திரண்டு
பத்தொன்பது நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது
இருபத்தாறாக.
அம்மா அழுதாளாம், அடுத்த வண்டி வரும்வரை.

நவம்பரில் மறுபடி என் சாளரம்.
முகவரி மாற்றப் படிவம், நாற்பது ராண்ட்.
சில்லறையாக எண்ணி வைத்தாள்.
அதே வரி, அதே இடப்பக்கம்.
கணினி சிவந்தது. ஏற்காது என்றேன்.
தெரியும், ரசீது கொடுங்கள் என்றாள்.

டிசம்பரில் அவளுடைய தேர்வு முடிவு
என் வீட்டுக்கே வந்தது.
பிரிக்கவில்லை.
ஜோஹனஸ்பர்க் போகும் வழிதானே என்று
காரின் முன்கண்ணாடியோரம் செருகிவைத்தேன்.
மிடில்பர்க் வரை சாக்ரன் கிரிக்கெட் கேட்டார்.
உறையின் ஒட்டு வெயிலில் இளகிக்கொண்டிருந்தது.

நூப்போர்ட் தாண்டியதும்
மெதுவாகப் போகச் சொன்னேன்.
கத்தரிப்பு முடிந்ததா, எனக்குத் தெரியாது.
பின்னால் ஒரு லாரி ஒலி எழுப்பி, திட்டி, முந்திப் போனது.
நான் இடப்பக்கம் பார்த்தேன்.
அவர் வலப்பக்கம்.